அப்பாவுக்கு ஒரு சாக்ஸபோன்

ஐம்பத்தொரு வயதில் ஒருவர் சாக்ஸபோன் படிக்கப் போகிறேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் முதலில் வரும் கேள்வி, "ஏன், அவரு நல்லாத்தானே இருந்தாரு?" என்பதுதான். என் அப்பாவுக்கும் அதே கேள்வி வந்தது. தக்கலையில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறவர். கோவில் பாடகர் குழுவில் பாடுவார், அதைத் தவிர சங்கீதத்தோடு பெரிய சம்பந்தம் கிடையாது. 1994-ல் 'டூயட்' படம் வந்தபோது அவருக்கு இருபது வயது. நாகர்கோவிலில் போய் மூன்று தடவை பார்த்தாராம். பிரபுவுக்காக இல்லை, அந்தச் சத்தத்துக்காக. அதன்பிறகு கல்யாணம், வீடு, நான், தங்கச்சி என்று முப்பது வருஷம் ஓடிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோட்டாறு சவேரியார் திருவிழாவில் தேர்ப் பவனியின்போது பேண்டு செட்டில் ஒருவர் ஆல்டோ வாசித்துக்கொண்டு போனார். அப்பா தேரை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே போய்விட்டார். நாங்கள் அரை மணி நேரம் தேடினோம்.

வீட்டுக்கு வந்து, "நான் இதைப் படிக்கணும் மக்களே" என்றார்.

அம்மா, "இந்த வயசுலயா? பிள்ளைகளுக்க பீஸு யாரு கட்டுவா?" என்றார். நியாயமான கேள்வி. நான் பி.காம் படிக்கிறவன். வீட்டில் யார் எதை வாங்குவதாக இருந்தாலும், மிக்ஸியில் இருந்து மொபைல் வரைக்கும், விலை பார்த்து ஒப்பிட்டு முடிவு சொல்வது என் வேலை. இதிலும் நான்தான் முடிவு சொன்னேன். அந்த முடிவு தப்பு. எப்படித் தப்பு என்று எழுதினால், வளர்ந்த பிறகு சாக்ஸபோன் வாங்க நினைக்கிற நாலு பேருக்காவது உபயோகப்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் கணக்கு ரொம்ப எளிமையானது. யமஹாவின் மாணவர்களுக்கான ஆல்டோ, ஒய்.ஏ.எஸ்-280 என்று ஒன்று இருக்கிறது. புதிதாக வாங்கினால் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. ஆன்லைனில் பெயர் தெரியாத கம்பெனி ஆல்டோ 21,500 ரூபாய். பெட்டி, கழுத்துப் பட்டை, கையுறை, துடைக்கும் துணி எல்லாம் அதோடு சேர்த்து. பார்க்க அதேதான், அதே தங்க நிறம், அதே வளைவு. கறுப்பு, சிவப்பு, நீலத்தில்கூட இருந்தது. ஆரம்பக்காரருக்கு என்ன தெரியப் போகிறது? முதலில் மலிவானதில் கற்றுக்கொள்ளட்டும், நன்றாக வந்தால் பிறகு நல்லது வாங்கலாம், வராவிட்டால் நஷ்டம் குறைவு. ரிஸ்க்கைக் குறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் சார் கைதட்டியிருப்பார்.

சொல்லிக்கொடுக்கச் சம்மதித்த பேண்டு மாஸ்டர் மட்டும், "அண்ணாச்சி, வாங்குகதுக்கு முன்ன எனக்க கிட்ட ஒருக்கா காட்டுங்க" என்று சொல்லியிருந்தார். ஆன்லைனில் வருவதை எப்படி முன்னால் காட்டுவது? ஆஃபர் வேறு அன்று ராத்திரியோடு முடிகிறது என்று போட்டிருந்தது. (அந்த ஆஃபர் அடுத்த ஆறு மாதமும் தினமும் ராத்திரி முடிந்துகொண்டே இருந்தது. அது வேறு கதை.)

வாத்தியம் வந்தது. அப்பா அதைக் கட்டில் மேல் வைத்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முதல் மாதம் பரவாயில்லை. இடது கை விரல்களில் வரும் சுரங்கள் வந்தன. பி, ஏ, ஜி என்று மூன்று சுரம். கீச் கீச்சென்று நடுவில் கத்தும், அது எல்லோருக்கும் வருவதுதான் என்று மாஸ்டரே சொன்னார். இரண்டாவது மாதம் வலது கை. அங்கே பிரச்சினை ஆரம்பித்தது. எஃப் கரகரத்தது. ஈ சில நாள் வரும், சில நாள் வராது. டி-க்கு ஆறு விரலும் மூட வேண்டும். மூடி ஊதினால் ஒன்று காற்று மட்டும் வரும், இல்லை மேல் ஸ்தாயியில் போய் கத்தும். அப்பா இன்னும் பலமாக ஊதினார், இன்னும் கத்தியது. விரலை அழுத்திப் பிடித்தார், மணிக்கட்டு வலித்தது. தினமும் கடை முடிந்து வந்து, பக்கத்துத் தென்னந்தோப்பில் போய் (வீட்டில் வாசித்தால் தெருவே எழுந்துவிடும்) ஒரு மணி நேரம் அந்த ஒரு சுரத்தோடு மல்லுக்கட்டுவார். இப்படி ஐந்து மாதம்.

ஒருநாள் ராத்திரி பெட்டியை மூடி அலமாரி மேல் வைத்துவிட்டு வந்து சொன்னார்: "எனக்க மூச்சு பத்தல்லே மக்களே. வயசாயிட்டுல்லா. அம்மா சொன்னது சரிதான்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். ஐம்பது வயதுக்கு மேல் நுரையீரல் முன்போல இருக்குமா என்ன என்று நினைத்துக்கொண்டேன். மாஸ்டருக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் தோன்றியிருக்கும். பேண்டு சீசன் நெருக்கடியில் அவர் இருபது பேரைப் பார்க்க வேண்டும், ஐம்பது வயதுக்காரர் டி வரவில்லை என்றால் இன்னும் பழகுங்கள் என்றுதான் சொல்ல முடியும். இரண்டு தடவை லேசாக ரிப்பேர் செய்தும் பார்த்தோம், பத்து நாள் சரியாகும், மறுபடி பழையபடி. கடைசியில் அப்பா இனி வரவில்லை என்று சொல்லப் போனபோதுதான் மாஸ்டர் அந்த வாத்தியத்தை வாங்கி, தன் மௌத்பீசைப் போட்டு, தானே முழுதாக வாசித்துப் பார்த்தார். முப்பது வருஷம் ஊதிய மனிதர். அவருக்கும் டி வரவில்லை.

பிறகு ஒரு சின்ன எல்.இ.டி. பல்பை வயரில் கட்டி உள்ளே இறக்கினார். அறை விளக்கை அணைத்துவிட்டு ஒவ்வொரு மூடியாக மூடினார். மூடிய மூடிகளின் ஓரத்தில் எல்லாம் வெளிச்சம் கசிந்தது. ஒன்றிலோ இரண்டிலோ இல்லை, ஏழு எட்டில்.

இங்கே சாக்ஸபோன் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லவேண்டும். இதை அடால்ஃப் சாக்ஸ் என்ற பெல்ஜியக்காரர் உருவாக்கி 1846-ல் பாரிசில் காப்புரிமை வாங்கினார். உடம்பு பித்தளை. ஆனாலும் ட்ரம்பெட் குடும்பத்தில் சேர்க்க மாட்டார்கள், கிளாரினெட் குடும்பத்தில்தான் சேர்ப்பார்கள், ஏனென்றால் சத்தம் பிறப்பது நாணல் ரீடில். நம் நாதஸ்வரத்துச் சீவாளிக்கு இரண்டு தகடு, இதற்கு ஒரே தகடு. அதை மௌத்பீசில் வைத்துத் திருகிக் கட்டுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய வித்தியாசம் விரலில் இருக்கிறது.

புல்லாங்குழலிலும் நாதஸ்வரத்திலும் துளையை மூடுவது உங்கள் விரலின் சதை. சரியாக மூடவில்லை என்றால் விரல் நுனிக்கே தெரியும், காற்று தொட்டுச் சொல்லும், நீங்கள் விரலை நகர்த்திச் சரி செய்துகொள்வீர்கள். சாக்ஸபோனின் துளைகள் பெரியவை, கீழே போகப் போக ஒரு விரலால் மூடவே முடியாத அளவு. அதனால் உங்கள் விரலுக்கும் துளைக்கும் நடுவில் ஒரு கம்பி, ஒரு ஸ்பிரிங், ஒரு கிண்ணம், அந்தக் கிண்ணத்துக்குள் தோல் போர்த்திய ஒரு மெத்தை (பேட் என்கிறார்கள்) இருக்கிறது. இப்படி இருபதுக்கும் மேற்பட்ட மூடிகள். நீங்கள் அழுத்துவது கம்பியின் ஒரு முனையை. மறுமுனையில் மெத்தை துளையில் ஒழுங்காக உட்கார்ந்ததா இல்லையா என்பது உங்கள் விரலுக்குத் தெரிய வழியே இல்லை. சைக்கிள் டியூப் மாதிரிதான். மேலே எங்கே ஒரு இடத்தில் கசிந்தாலும் அதற்குக் கீழே உள்ள சுரம் எல்லாம் கெட்டுப்போகும். கீழ்ச் சுரம் வரவேண்டும் என்றால் மேலே இருக்கும் அத்தனை மூடியும் இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். அப்பாவுக்கு பி, ஏ, ஜி வந்து டி வராமல் போனதற்கு நுரையீரலில் காரணம் இல்லை.

பழகியவர்கள் கசியும் வாத்தியத்தையும் கொஞ்சம் உதட்டாலும் அழுத்தத்தாலும் சமாளித்து ஓட்டிவிடுவார்கள், என்னவோ சரியில்லை என்று உடனே கண்டுபிடித்தும் விடுவார்கள். ஆரம்பக்காரருக்கு இரண்டும் முடியாது. வராத சுரம் தன்னால் வரவில்லையா வாத்தியத்தால் வரவில்லையா என்று பிரித்துப் பார்க்கிற அறிவு அவருக்கு இன்னும் வந்திருக்காது. அதனால்தான் "ஆரம்பக்காரருக்கு எதுக்கு நல்ல வாத்தியம்" என்ற என் கணக்கு தலைகீழ் என்கிறேன். மோசமான வாத்தியத்தை வைத்துச் சமாளிக்க ஒருவரால் முடியும் என்றால் அது முப்பது வருஷம் வாசித்தவரால்தான் முடியும், நேற்று ஆரம்பித்தவரால் முடியாது.

இதில் வயது சேரும்போது விஷயம் இன்னும் மோசமாகிறது. பத்து வயதுப் பையனிடம் இதே வாத்தியத்தைக் கொடுத்தால் ரெண்டு வாரத்தில் "இது பொட்ட வாத்தியம்" என்று தூக்கிப் போட்டுவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போய்விடுவான். அவனுக்குத் தன் மேல் சந்தேகம் வராது. ஐம்பது வயதுக்காரருக்கு ஊர் முழுக்க ஏற்கனவே "இந்த வயசுலயா" என்று சொல்லி வைத்திருக்கிறது. வாத்தியமும் அதையே சொன்னால் அவர் நம்பிவிடுகிறார். என் அப்பா நம்பினார். நான் மிச்சம் பிடித்த பணத்தில் வாங்கிக் கொடுத்தது அந்த நம்பிக்கையைத்தான்.

நண்பர்களிடம் இதைச் சொன்னபோது ஒருவன் நல்ல கேள்வி கேட்டான். "கத்ரி கோபால்நாத் முதல் வாத்தியம் ஒரு லட்சத்துக்கா வாங்கினார்? திறமை இருந்தால் எதிலும் வரும்லே." கத்ரியை இதில் இழுப்பது சரியில்லை என்று நினைக்கிறேன். மங்களூர்ப் பக்கத்துக்காரர், அவர் அப்பா நாதஸ்வர வித்வான், சின்ன வயதிலேயே ஊதுகிற வாத்தியம் கைக்கு வந்தவர். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைப் பார்த்து அதன் மேல் மோகம் கொண்டவர். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடம், பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் என்று முறையாகப் படித்து, கர்நாடக சங்கீதத்தை அந்த மேல்நாட்டு வாத்தியத்தில் கொண்டுவர ஏறக்குறைய இருபது வருஷம் உழைத்தார். கமகம் பேச வைப்பதற்காக வாத்தியத்திலேயே மாற்றங்கள் செய்துகொண்டார். சாவிகள் சுரத்துக்குச் சுரம் தனித்தனியாக நிற்கிற வாத்தியத்தில் வழுக்கிக்கொண்டு போகிற கமகம் வருவது அப்படி ஒன்றும் சாதாரணம் இல்லை. 1994-ல் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் பிபிசியின் ப்ராம்ஸ் நிகழ்ச்சியில் வாசித்தார், அதே வருஷம்தான் டூயட்டும். 2004-ல் பத்மஸ்ரீ. 2019 அக்டோபரில் மங்களூரில் காலமானார். அவர் கதையில் இருந்து நமக்குப் படிக்கக் கிடைப்பது ஒன்று இருக்கிறது என்றால், அவ்வளவு பெரிய வித்வானே தன் வாத்தியத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார் என்பதுதான். வாத்தியம் முக்கியம் இல்லை என்று நினைத்திருந்தால் அதை ஏன் செய்ய வேண்டும்?

சரி, அப்படியானால் என்ன வாங்குவது? அப்பாவுக்காக இரண்டாவது தடவை அலைந்தபோது தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஆல்டோவா டெனரா என்ற கேள்வி. அப்பாவுக்கு உள்ளுக்குள் டெனர் மேல் ஆசை, அந்தக் கனத்த குரல் அவருக்குப் பிடிக்கும். ஆனால் டெனர் மூன்றரைக் கிலோ பக்கத்தில் வரும், ஆல்டோ இரண்டரைக் கிலோதான். இரண்டும் கழுத்தில்தான் தொங்கும். முப்பது வருஷம் பேரேட்டில் குனிந்து கணக்கு எழுதிய கழுத்து அவருக்கு. ஆல்டோவுக்கே ஒற்றைப் பட்டையை எடுத்துவிட்டு, இரண்டு தோளிலும் மாட்டுகிற பட்டை வாங்க வேண்டியிருந்தது. நேராக இருக்கிற சொப்ரானோ பார்க்க நாதஸ்வரம் மாதிரி இருக்கிறதே, அது சுலபமாக இருக்குமே என்று ஒரு மாமா சொன்னார். அது சின்னதே தவிரச் சுலபம் இல்லை, சுருதியில் நிறுத்துவது அதில்தான் ரொம்பக் கஷ்டம் என்று மாஸ்டர் ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார்.

சுருதி என்றதும் ஞாபகம் வருகிறது. ஆல்டோவில் சி என்று விரல் வைத்து ஊதினால் கீபோர்டின் சி வராது. கீபோர்டின் ஈ ஃபிளாட் வரும், அதாவது நம் கணக்கில் இரண்டரைக் கட்டை. டெனரில் சி ஊதினால் பி ஃபிளாட், ஆறரைக் கட்டை. இது தெரியாமல் அப்பா கோவிலில் கீபோர்டு வாசிக்கும் தம்பியோடு சேர்ந்து ஒரு பாட்டு முயற்சி செய்து, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு, அரை மணி நேரம் சண்டை. :-) வாத்தியத்தின் மேல் தப்பே இல்லாத ஒரே இடம் அதுதான்.

பற்களைப் பற்றி யாரும் முன்னால் சொல்வதில்லை. மேல் வரிசைப் பல் மௌத்பீஸ் மேல் உட்காரவேண்டும். ஊதும்போது அந்த அதிர்வு மண்டைக்குள் போகும். அப்பாவுக்கு மேலே ஒரு பல் கட்டியது. மௌத்பீஸ் மேல் ஒட்டுகிற சின்ன ரப்பர் துண்டு ஒன்று இருக்கிறது, அதை ஒட்டிய பிறகுதான் அவரால் பத்து நிமிஷத்துக்கு மேல் நிம்மதியாக வாசிக்க முடிந்தது. நாற்பதுக்கு மேல் ஆரம்பிக்கிறவர்கள் வாத்தியத்தின் கலரைப் பார்ப்பதற்கு முன்னால் தங்கள் கழுத்தையும் பல்லையும் பார்ப்பது நல்லது.

அப்புறம், யார் ரிப்பேர் செய்வார்கள் என்பதை வாங்குவதற்கு முன்னாலேயே விசாரிக்க வேண்டும். நம் மாவட்டத்தில் பேண்டு வாத்தியத்துக்குப் பஞ்சமில்லை. திருவிழா, கல்யாணம், இறுதி ஊர்வலம் என்று எல்லாவற்றுக்கும் பேண்டு செட் உண்டு. ட்ரம்பெட், யூபோனியம் எல்லாம் மீரட்டில் செய்து நாடு முழுக்க வருகிறது, அங்கே ஜாலி கோட்டி என்ற பகுதியே இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. ட்ரம்பெட் ஒடுங்கினால் தட்டி நிமிர்த்த ஆள் இங்கேயே கிடைக்கும். சாக்ஸபோன் அப்படி இல்லை. அதன் கம்பிகளைச் சரிசெய்து பேட் மாற்றுவது தனி வேலை. எங்கள் 21,500 ரூபாய் வாத்தியத்தைத் திருவனந்தபுரத்தில் ஒருவரிடம் கொண்டுபோனபோது அவர் கம்பியை விரலால் லேசாக வளைத்துக் காட்டினார். வளைந்தது! "இதை நான் சரியாக்கித் தரலாம், நீங்க பஸ் ஏறுகதுக்குள்ள மறுபடி வளையும்" என்றார். அதற்கு மாற்று உதிரி பாகமும் எங்கும் கிடைக்காது. எந்தக் கம்பெனி செய்தது என்பதே தெரியாதபோது உதிரி பாகத்துக்கு யாரிடம் போவது?

நம் ஊர்க் காற்றும் ஒரு காரணம். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் நம்மை நனைத்துவிட்டுப் போகின்றன. குளச்சல், முட்டம் பக்கம் என்றால் உப்புக்காற்று வேறு. தோல் பேட் ஈரத்தில் ஊதும், பூஞ்சை பிடிக்கும். வாசித்து முடித்ததும் உள்ளே துணி இழுத்துத் துடைக்காமல் பெட்டிக்குள் வைத்தால் ஒரே மழைக்காலத்தில் பேட்கள் கதை முடிந்தது. நல்ல வாத்தியமாக இருந்தாலும் இதே கதிதான்.

கடைசியில் நாங்கள் வாங்கியது, திருவனந்தபுரத்தில் ஒருவர் விற்ற பழைய யமஹா, ஒய்.ஏ.எஸ்-23. அது அந்தக் காலத்து மாணவர் மாடல், என் வயதைவிட அதற்கு வயது அதிகம் இருக்கும். மேல் பூச்சு பாதி போய்விட்டது, மணியின் ஓரத்தில் ஒரு நசுங்கல். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கள் பழையது புது மாப்பிள்ளை மாதிரியும் இது அவன் தாத்தா மாதிரியும் இருந்தது. இந்தத் தடவை மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் பளபளப்பைத் திரும்பியே பார்க்கவில்லை. மேலிருந்து ஒவ்வொரு சுரமாக இறங்கி வந்தார், அவசரமே இல்லாமல், மெதுவாக, சத்தமில்லாமல். பலமாக ஊதினால் கசிவு மறைந்துவிடுமாம். மெதுவாக ஊதும்போதும் அடி பி ஃபிளாட் வரைக்கும் பேசினால்தான் வாத்தியம் என்றார். எங்கே தடுமாறியதோ அந்த பேடின் அடியில் மெல்லிய காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பார்த்தார். இழுக்கும்போது காகிதம் பிடித்தால் பேட் உட்காருகிறது, நழுவி வந்தால் கசிகிறது. நாலு பேட் நழுவியது, அதைச் சொல்லி விலையைக் குறைத்தார். கழுத்துக் குழாய் வளைந்திருக்கிறதா, கம்பிகள் ஆடுகிறதா என்று பார்த்தார். மொத்தம் முக்கால் மணி நேரம். விற்கிறவர் பொறுமையாக டீ போட்டுக் கொடுத்தார், நல்ல மனிதர்.

விலை 48,000. பேட் மாற்றி முழுதாகச் சரி செய்ய 9,000. ஆக 57,000. இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அம்மா சீட்டு எடுத்தார். ஆமாம், அதே அம்மாதான். "அந்த மனுசன் அஞ்சு மாசம் ஒத்தச் சுரத்தை வச்சுக்கிட்டு தோப்புல நின்னதைப் பாத்தேம்லா" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். முதல் வாத்தியம் 21,500, இரண்டு தடவை ரிப்பேர் 3,200. விற்கப் போனால் வாசிக்கிறவர் யாரும் வாங்க மாட்டேன் என்றார்கள். கடைசியில் புதிதாகத் திறந்த ஒரு ஓட்டலில் சுவரில் அலங்காரமாக மாட்ட 5,000-க்கு எடுத்துக்கொண்டார்கள். (அதற்குத்தான் அது பிறந்தது என்று நினைக்கிறேன்.) நஷ்டம் 19,700. இரண்டாவது வாத்தியத்தை நாளைக்கே விற்றால்கூட 45,000-க்குக் கேட்க ஆள் இருக்கிறது, மாஸ்டரே கேட்டுவிட்டார். நஷ்டம் 12,000. தேய்மானம் என்று வகுப்பில் ஒரு பக்கத்துக்குக் கணக்குப் போடுகிறோம், வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று மூன்று வருஷமாகப் படிக்கிறேன், வீட்டுக்கு வந்தால் வாங்கும் விலையை மட்டும் பார்த்திருக்கிறேன். அதைவிடக் கேவலம், ஐந்து மாதம் அந்த வாத்தியத்தைக் கட்டி அழுததற்குக் காரணம், இவ்வளவு பணம் போட்டுவிட்டோமே என்பதுதான். சங்க் காஸ்ட் என்று பரீட்சையில் பத்து மார்க் வாங்கியிருக்கிறேன் அதற்கு.

எல்லோராலும் 57,000 முடியாது என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலேயே முடிந்திருக்கக் கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு என் யோசனை, மலிவான சாக்ஸபோன் வாங்குங்கள் என்பதில்லை, இப்போதைக்குச் சாக்ஸபோனே வாங்காதீர்கள் என்பதுதான். சில நூறு ரூபாய்க்கு பிளாஸ்டிக் ரெக்கார்டர் கிடைக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊதுவது. விரல் வைக்கும் முறை சாக்ஸபோனுக்கு ரொம்ப நெருக்கம். மூன்று மாதம் அதில் பழகினால் விரலும் தாளமும் சுரம் படிப்பதும் கைக்கு வந்துவிடும், ஆசை உண்மையா தற்காலிகமா என்பதும் தெரிந்துவிடும். 2017-ல் யமஹா வெனோவா என்று ஒன்று கொண்டுவந்தது. பிளாஸ்டிக் உடம்பு, ஆனால் சாக்ஸபோன் மாதிரி மௌத்பீசும் ரீடும். உதடு பழக அது போதும், கசிவதற்கு இருபது மூடியும் அதில் கிடையாது. பங்கில் பேண்டு இருந்தால், மூலையில் கிடக்கும் வாத்தியம் ஏதாவது உண்டா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு வெட்கப்படுகிறோம், 21,500 ரூபாயைக் கடலில் போட வெட்கப்படுவதில்லை. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ சொந்தக்காரர்கள் இருந்தால் (நம் மாவட்டத்தில் யாருக்குத்தான் இல்லை) அங்கே பழைய யமஹா கிடைக்குமா என்று கேட்டுச் சொல்லச் சொல்லலாம், ஆனால் வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஊதிப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

புது யமஹாவே வாங்க வசதி இருக்கிறவர்கள் தாராளமாக வாங்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. அவர்களுக்கு இந்தக் கட்டுரையும் தேவையில்லை.

புது வாத்தியம் (பழைய வாத்தியம்!) வந்த அன்று சாயங்காலம் அப்பா அதைத் தோப்புக்கு எடுத்துக்கொண்டு போனார். நானும் போனேன். ஆறு விரலையும் மூடி, கண்ணையும் மூடிக்கொண்டு, வழக்கம்போலப் பலமாக ஊதத் தயாராக மூச்சு இழுத்தார். டி வந்தது. சாதாரணமாக, பிரமாதம் ஒன்றும் இல்லாமல் வந்தது. அவர் வாயை எடுத்துவிட்டு வாத்தியத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்கா மக்களே நான் எனக்க நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தேன்?" என்றார். எக்ஸ்ரே எடுத்த விஷயம் அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது.

இப்போது ஏழு மாதமாகிறது. நாலு பாட்டு வாசிக்கிறார், அதில் இரண்டு கேட்கலாம். பவனியில் வாசிக்க இன்னும் மாஸ்டர் விடவில்லை. நின்றுகொண்டு வாசிப்பது வேறு, நடந்துகொண்டு வாசிப்பது வேறு, பல் பத்திரம் என்கிறார். இப்போதைய பிரச்சினை ரீட். இரண்டாம் நம்பர் ரீட், பத்து இருக்கிற பெட்டி வாங்கினோம், அதில் மூன்றுதான் நன்றாகப் பேசுகிறது என்று அப்பா புலம்புகிறார். இது என்ன கணக்கு, பாக்கி ஏழுக்கும் காசு கொடுத்திருக்கிறோமே என்று மாஸ்டரிடம் கேட்டேன். மூன்று கிடைத்ததா, பரவாயில்லையே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.